ஊகம் முதலில், திரை பிறகு: பிளஸ் டூ கணிதத்தை ஸ்மார்ட் போர்டில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் பிளஸ் டூ வகுப்பில் நாளை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒய் = எக்ஸ்³ என்ற வளைவரைக்கு எக்ஸ் = 1 என்ற இடத்தில் தொடுகோடு வரைகிறோம். அந்தக் கோடு வளைவரையை வேறு எங்காவது மறுபடியும் சந்திக்குமா?

பெரும்பாலான பிள்ளைகள் "சந்திக்காது" என்றுதான் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் வட்டத்துக்கு வரைந்த தொடுகோடு மனதில் அப்படியே பதிந்திருக்கிறது. தொடுகோடு என்றால் ஒரே இடத்தில் தொடும், வெட்டாது, அவ்வளவுதான். இந்த எண்ணத்தோடு வகை நுண்கணிதத்துக்குள் வரும் பிள்ளை சூத்திரத்தைப் போட்டு விடையைச் சரியாகவே கொண்டுவந்துவிடும். ஆனால் தான் கண்டுபிடித்தது என்ன என்பது அதற்குத் தெரியாது.

கணினித் திரை உதவ வேண்டியது இப்படிப்பட்ட இடத்தில்தான். நான் முதலில் அதைத் தவறாகத்தான் பயன்படுத்தினேன். அழகான அனிமேஷன்களைத் தேடி எடுத்து வகுப்பில் ஓடவிடுவேன். பிள்ளைகள் ரசித்துப் பார்ப்பார்கள். அடுத்த வாரத் தேர்வில் அதே கருத்தைக் கேட்டால் தாள் வெறுமையாக இருக்கும். திரை எல்லாவற்றையும் செய்துவிட்டதால் பிள்ளைகளுக்கு யோசிக்க வேலையே இல்லாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு வழக்கத்தை மாற்றினேன்: என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுதும்வரை திரையில் எதையும் அசைப்பதில்லை. முதலில் ஊகம், அப்புறம் திரை, கடைசியில் மறுபடியும் நோட்டு. இந்த வழிகாட்டியில் இருப்பதெல்லாம் இந்த வரிசையை ஒட்டித்தான்.

எந்தப் பாடத்துக்குத் திரை, எதற்கு வேண்டாம்

எல்லாப் பாடத்துக்கும் திரையைப் போட வேண்டியதில்லை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதில் ஏதாவது நகர்கிறதா? எல்லை, அதாவது ஒரு மதிப்பு நெருங்கிக்கொண்டே போகும் எண், நகர்வைப் பார்த்தால்தான் புரிகிறது. தொடுகோடு நகர்கிறது. இயங்குவரை, அதாவது நகரும் புள்ளி விட்டுச்செல்லும் பாதை, நகர்ந்தே உருவாகிறது. முப்பரிமாணக் கோடுகளைத் திருப்பிப் பார்த்தால்தான் புரியும். இவற்றுக்குத் திரை வேண்டும்.

அணிக்கோவை விரிவு, காஸ் நீக்கல் முறை, பகுதித் தொகையிடல், மெய்மை அட்டவணை எல்லாம் கையால் போட்டுப் பழக வேண்டியவை. கரும்பலகையும் சாக்பீஸும் போதும். ஒரு பிள்ளை கையால் அணியைக் குறுக்கும்போது எந்த வரியில் பிழை விட்டாள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு ஈடாக எந்த மென்பொருளும் இல்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். புதிய கணிதப் புத்தகங்களில் பாடத்தின் முடிவில் இணையச் செயல்பாடு என்று ஒரு பக்கம், க்யூஆர் குறியீட்டோடு இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைத் திறந்தால் அந்தப் பாடத்துக்கென்று ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் செய்யப்பட்ட பக்கங்கள் வரும். முதல்முறை தொடங்குபவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

முன்னேற்பாடு

மென்பொருள் என்று நான் நம்பியிருப்பது ஜியோஜீப்ராவைத்தான். 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது அது. வடிவியலும் இயற்கணிதமும் ஒரே திரையில் கைகோத்து இருக்கும். படத்தில் ஒரு புள்ளியை இழுத்தால் பக்கத்தில் சமன்பாடும் மாறும். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும் என்பது நம் பள்ளிகளுக்குப் பெரிய வசதி. டெஸ்மாஸும் நல்ல கருவி. வரைபடம் மட்டும் வேண்டும் என்றால் அதில் இன்னும் வேகமாக வரும். ஆனால் உலாவியில் திறக்க இணைய இணைப்பு வேண்டும்.

வகுப்புக்கு முந்தைய நாளே கோப்பைச் செய்து பென் டிரைவில் போட்டுவிடுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு சமன்பாட்டைத் தட்டச்சு செய்தால் ஐந்து நிமிடம் போய்விடும், பிள்ளைகளின் கவனமும் போய்விடும்.

பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். இதைத் தவறாமல் செய்யுங்கள். எழுத்து அளவைக் கூட்ட வேண்டும், கோடுகளைத் தடிமனாக்க வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். அதனால் வளைவரைக்கு நீலம், தொடுகோட்டுக்கு ஆரஞ்சு என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு முக்கியமான அமைப்பு தசம இடம். ஜியோஜீப்ரா வழக்கமாக இரண்டு தசம இடம்தான் காட்டும். எல்லையைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இது பாடத்தையே கெடுத்துவிடும், ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். அமைப்புகளுக்குப் போய் ஐந்து இடமாக மாற்றிவிடுங்கள்.

முதல் பாடம்: தொடுகோடு எங்கிருந்து வருகிறது

எக்ஸ்³ வளைவரையை வரையுங்கள். (1, 1) என்ற புள்ளியை நிலையாகக் குறியுங்கள். எச் என்று ஒரு ஸ்லைடர் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டை), -1 முதல் 1 வரை, 0.01 இடைவெளியில். எக்ஸ் ஆயத்தொலைவு 1 + எச் ஆக இருக்கும்படி வளைவரை மேலேயே இரண்டாவது புள்ளி. இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு வெட்டுக்கோடு. அதன் சாய்வைத் திரையில் பெரிதாகத் தெரிய வையுங்கள். கோப்பு அவ்வளவுதான்.

எச் மதிப்பை 1-ல் நிறுத்தித் தொடங்குங்கள். சாய்வு 7. "எச் 0.1 ஆனால் சாய்வு எவ்வளவு இருக்கும்? எழுதுங்கள்." எழுதியபின் ஸ்லைடரை நகர்த்துங்கள். 3.31. "0.01?" இப்போது பலர் சரியாகவே ஊகிப்பார்கள். 3.0301. இடது பக்கமும் போய்ப் பாருங்கள், -0.1 எனில் 2.71. இரண்டு பக்கமிருந்தும் எங்கே நெருங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

அதன்பின் ஸ்லைடரின் இடைவெளியை 0.001 ஆக்குங்கள். தசம இடத்தை மாற்றாமல் விட்டிருந்தால் திரையில் வெறும் 3 என்று வரும், பிள்ளைகளும் "3 வந்துருச்சு" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது 3.003001. எல்லையை நெருங்குவதற்கும் அடைவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வந்த நாமே அந்த வேறுபாட்டை அழித்துவிடுவோம்.

இனிதான் இந்தப் பாடத்தின் உயிர். எச்-ஐச் சரியாக 0-வில் வைத்தால் என்ன ஆகும்? வகுப்பையே வாக்களிக்கச் சொல்லுங்கள். தொடுகோடு வரும் என்று பெரும்பாலானோர் கை தூக்குவார்கள். ஸ்லைடரை 0-வுக்குக் கொண்டுபோங்கள். கோடு மறைந்துவிடும். சாய்வு இருந்த இடத்தில் கேள்விக்குறி வரும்.

அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். ஒரு நிமிடம் விடுங்கள். யாராவது ஒருவர், "சார், ரெண்டு புள்ளியும் ஒண்ணாயிடுச்சு, ஒரு புள்ளியை வச்சு எப்படி கோடு போடுறது?" என்று சொல்வார். எனக்குத் தெரிந்து எல்லை என்ற கருத்து ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. அப்புறம் திரையை அணையுங்கள். நோட்டில் சாய்வைக் கையால் சுருக்கச் சொல்லுங்கள்: 3 + 3எச் + எச்². 7 எப்படி வந்தது, 3.31 எப்படி வந்தது, 2.71 எப்படி வந்தது எல்லாம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. எச்-ஆல் வகுத்த பிறகுதான் 0-வைப் போட முடிகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது பாடம்: அந்தக் கோடு மறுபடியும் சந்திக்குமா

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். புதிய கோப்பில் ஏ என்ற ஸ்லைடர், -3 முதல் 3 வரை. வளைவரையில் எக்ஸ் = ஏ என்ற இடத்தில் ஒரு புள்ளி, அங்கே தொடுகோடு. திரையில் ஒய் அச்சு -5 முதல் 5 வரை மட்டும் தெரியும்படி வைத்துச் சேமியுங்கள். இந்த அளவை மாற்றாதீர்கள், காரணம் இருக்கிறது.

ஏ = 1. "சந்திக்காது" என்று எழுதியவர்கள் திரையைப் பார்த்ததும் நிம்மதியாவார்கள். கோடு வளைவரையைத் தொட்டுவிட்டு இடதுபக்கம் கீழே இறங்கிப் போகிறது, வேறெங்கும் சந்திப்பதாகத் தெரியவில்லை. "திரையில் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?" என்று கேளுங்கள். பிறகு மெதுவாகப் பெரிதாக்காமல் சுருக்குங்கள், அதாவது படத்தைத் தூரமாக்குங்கள். (-2, -8) என்ற இடத்தில் கோடும் வளைவரையும் சந்திப்பது மேலெழுந்து வரும். என் வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் ஒரு சத்தம் எழும்.

வெட்டுப்புள்ளியை முன்கூட்டியே குறித்து வைக்காதீர்கள். பிள்ளைகள் போர்டுக்கு வந்து விரலால் இழுத்து, கட்டத்தை எண்ணித் தேடட்டும். ஏ-க்கு வேறு மதிப்புகள் கொடுக்கச் சொல்லிக் கரும்பலகையில் பட்டியல் போடுங்கள். ஏ 1 எனில் மறுசந்திப்பு -2. ஏ -1 எனில் 2. ஏ 0.5 எனில் -1. ஏ 1.5 எனில் -3. நான்காவது வரிக்குள் யாராவது சொல்லிவிடுவார்கள்: மைனஸ் இரண்டு ஏ.

பல பேர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், திரை காட்டிவிட்டது, பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. நிறுத்தாதீர்கள். நான்கு எண்களுக்குப் பொருந்தினால் எல்லா எண்ணுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். "ஏன்" என்பதைத் திரை சொல்லாது, நோட்டுதான் சொல்லும்.

தொடுகோட்டின் சமன்பாட்டை எழுதி வளைவரையோடு சமப்படுத்தினால் எக்ஸ்³ - 3ஏ²எக்ஸ் + 2ஏ³ = 0 என்று வரும். இதில் எக்ஸ்² உறுப்பு இல்லை. அப்படியானால் சமன்பாட்டியல் பாடத்தில் படித்தபடி மூன்று மூலங்களின் கூடுதல் பூச்சியம். தொடும் இடத்தில் மூலம் இரண்டு முறை வரும் என்பதால் இரண்டு மூலங்கள் ஏ, ஏ. மூன்றாவது -2ஏ ஆகத்தான் இருக்க முடியும். பாடநூலின் முதல் தொகுதியில் மூன்றாவது பாடமாகப் படித்து மறந்துபோனது, இரண்டாம் தொகுதியில் ஏழாவது பாடத்தில் கைகொடுக்கிறது. பாடங்கள் தனித்தனிப் பெட்டிகள் அல்ல என்பதை நாம் வாயால் சொல்வதைவிட இந்த ஒரு கணக்கு நன்றாகச் சொல்லும்.

ஏ = 0 என்று வைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். தொடுகோடு எக்ஸ் அச்சாகவே ஆகிவிடும், தொடும் இடத்திலேயே வளைவரையைக் கடந்தும் போகும். வட்டத்தில் படித்த தொடுகோடு உடைந்து விரியும் இடம் அது. வளைவு மாற்றப் புள்ளி என்ற சொல்லை நான் இந்த நிமிடத்தில்தான் அறிமுகப்படுத்துவேன், அதற்கு முன்னால் இல்லை.

வீட்டுப்பாடம்: எக்ஸ்³ + எக்ஸ்² என்றால் மறுசந்திப்பு எங்கே? விடை -1 - 2ஏ. ஏ = 1 எனில் (-3, -18). மறுநாள் வகுப்பில் அதைத் திரையில் சரிபார்த்துக் காட்டலாம்.

வகுப்பையே பதில் சொல்ல வைப்பது

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஊகத்தைக் கேட்டால் முன்வரிசையில் நான்கு பேர்தான் பதில் சொல்வார்கள். பிள்ளைகளிடம் செல்பேசி இல்லை, இருக்கவும் கூடாது. இதற்கு நான் பயன்படுத்துவது பிளிக்கர்ஸ் அட்டைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை. அதில் க்யூஆர் போன்ற ஒரு கறுப்பு உருவம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள். தான் நினைக்கும் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். ஆசிரியர் தன் செல்பேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். அட்டை எழுத்து சிறியது என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதவும் முடியாது. 40 அட்டை உள்ள தொகுப்பும் 63 அட்டை உள்ள தொகுப்பும் உண்டு; நம் வகுப்புகளுக்குப் பெரியது தேவைப்படும். அட்டைக்குப் பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள், வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குத் தெரியாது.

கேள்வியை எப்படி அமைப்பது என்பதில்தான் உழைப்பு இருக்கிறது. தவறான விடை ஒவ்வொன்றும் உண்மையில் பிள்ளைகள் செய்யும் ஒரு பிழையாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, "ஒரு புள்ளியில் சார்பின் வகைக்கெழு 0. அந்தப் புள்ளியில்..." என்று தொடங்கி, பெருமம் கட்டாயம், சிறுமம் கட்டாயம், இரண்டில் ஒன்று கட்டாயம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம் என்று நான்கு விடை. மூன்றாவதைத்தான் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பார்கள். எக்ஸ்³-ஐப் பார்த்துவிட்டுத்தான் போனோம், இருந்தும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அது நமக்குக் கிடைக்கும் பெரிய தகவல்.

பதில்கள் வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரவலாக்கிய முறை எனக்குப் பிடிக்கும். முதலில் தனியாகப் பதில். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் விடையைச் சொல்லாமல், வேறு விடை சொன்ன பக்கத்துப் பிள்ளையிடம் விளக்கச் சொல்வது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் அட்டை. 30-க்கும் கீழே என்றால் பேசிப் பயனில்லை, பாடத்தையே மறுபடி நடத்த வேண்டும். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். முதல் வாக்கெடுப்பின் முடிவைத் திரையில் காட்டாதீர்கள். காட்டினால் எல்லாரும் கூட்டம் இருக்கும் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், விவாதம் நடக்காது.

காகிதம் மடித்துக் கூம்பு வளைவு

இருபரிமாண பகுமுறை வடிவியலில் பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் மூன்றையும் பிள்ளைகள் மூன்று சூத்திரங்களாகவே படிக்கிறார்கள். நான் கணினியைத் திறப்பதற்கு முன் ஆளுக்கொரு காகிதம் கொடுப்பேன். கீழ் விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு புள்ளி. விளிம்பின் ஏதாவது ஓர் இடம் அந்தப் புள்ளியின் மேல் வந்து உட்காரும்படி மடித்துக் கோடு போட வேண்டும். இப்படி இருபது முப்பது முறை வேறு வேறு இடத்தை எடுத்து மடித்தால், மடிப்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு பரவளையம் தானாகத் தெரியும். புள்ளிதான் குவியம், விளிம்புதான் இயக்குவரை.

ஏன் என்று இப்போதே சொல்ல வேண்டாம். ஜியோஜீப்ராவில் அதே மடிப்பைச் செய்யுங்கள்: மடிப்பு என்பது இரண்டு புள்ளிகளின் மையக் குத்துக்கோடு. அதற்குச் சுவடு விடும் வசதியை இயக்கிவிட்டுப் புள்ளியை நகர்த்தினால் நூறு மடிப்பு பத்து நொடியில் வந்துவிடும். இருபது முறை கையால் மடித்துக் கை வலித்த பிள்ளைக்குத்தான் அந்தப் பத்து நொடியின் அருமை தெரியும்.

அடுத்து விளிம்புக்குப் பதிலாக ஒரு வட்டம். குவியம் வட்டத்துக்குள்ளே. மடிப்புகள் நீள்வட்டம் வரையும். இப்போது கேளுங்கள்: "இந்தப் புள்ளியை வட்டத்துக்கு வெளியே இழுத்தால்?" ஊகம் எழுதியபின் இழுங்கள். நீள்வட்டம் மெலிந்து மெலிந்து, புள்ளி வட்டத்தின் மேலேயே வரும்போது எல்லா மடிப்பும் மையம் வழியாகவே போய், வெளியே வந்ததும் அதிபரவளையமாக விரியும். மூன்று சூத்திரங்களாகப் படித்தவை ஒரே குடும்பம் என்பது அப்போது தெரிகிறது. மையத்தொலைத்தகவு நீள்வட்டத்துக்கு 1-க்குக் கீழே, அதிபரவளையத்துக்கு 1-க்கு மேலே என்று சொல்வதெல்லாம் அதன் பிறகு வெறும் மனப்பாடமாக இருக்காது.

முப்பரிமாணம்

ஒரு தளம் அமையாக் கோடுகளுக்கு இரண்டு ஈர்க்குச்சி போதும். ஒன்றை மேசைக்கு இணையாகவும் இன்னொன்றை அதற்கு மேலே சாய்த்தும் பிடித்து, பிள்ளைகளை ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டுவது போலத் தெரியும். தலையை நகர்த்தினால் விலகும். இதை அனுபவித்தபின் ஜியோஜீப்ராவின் முப்பரிமாணப் பக்கத்தைத் திறந்து படத்தைத் திருப்பினால் இணையில்லாத, வெட்டாத கோடுகள் என்பதில் குழப்பம் இருக்காது. மீச்சிறு தொலைவுக்கு வெக்டர் பெருக்கம் ஏன் வருகிறது என்பதை, இரண்டு கோடுகளுக்கும் செங்குத்தான திசையில் நின்று பார்த்தால் புரியும் வண்ணம் படத்தைத் திருப்பி வையுங்கள்.

தொகையிடல்

0 முதல் 1 வரை எக்ஸ்²-இன் கீழ் உள்ள பரப்பு. ஜியோஜீப்ராவில் கீழ்ச் செவ்வகங்களையும் மேல் செவ்வகங்களையும் வரைய ஆயத்தக் கட்டளைகள் உண்டு. பத்துச் செவ்வகம் எனில் கீழ்க்கூடுதல் 0.285, மேல்கூடுதல் 0.385. நூறு எனில் 0.32835, 0.33835. "இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். 0.1, 0.01. ஆயிரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் திரை இல்லாமலே சொல்லிவிடுவார்கள். அந்த வித்தியாசம் ஏன் சரியாக ஒரே ஒரு செவ்வகத்தின் பரப்பு என்பதை நோட்டில் படம் போட்டுக் கண்டுபிடிக்க விடுங்கள்.

சராசரி மதிப்புத் தேற்றத்துக்கும் இதே முறைதான். 0 முதல் 2 வரை எக்ஸ்³-க்கு வெட்டுக்கோட்டின் சாய்வு 4. தொடுகோட்டை நகர்த்தி இணையாக்கினால் 1.15-க்கு அருகில் நிற்கும். -1 முதல் 1 வரை எக்ஸ்-இன் மட்டு மதிப்பைக் கொடுத்து, ஏன் இணையான தொடுகோடே கிடைக்கவில்லை என்று தேட விட்டால் நிபந்தனைகளின் தேவை புரியும்.

திரை ஏமாற்றும் இடங்கள்

இதைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகவே சொல்லித்தர வேண்டும். சைன் 30 என்று தட்டினால் 0.5 வராது, -0.988 வரும், மென்பொருள் ரேடியனில் எடுத்துக்கொள்கிறது. இதைப் பிழை என்று திருத்திவிட்டுப் போகாமல், நுண்கணிதத்தில் ஏன் ரேடியன் என்று பேச நல்ல வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பாகையில் எடுத்தால் சைனின் வகைக்கெழு வெறும் கொசைன் ஆகாது, ஒவ்வொரு முறையும் 0.01745 என்ற எண் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும்.

(எக்ஸ்² - 1)-ஐ (எக்ஸ் - 1)-ஆல் வகுத்த சார்பை வரைந்தால் முழுமையான நேர்கோடாகத் தெரியும். எக்ஸ் = 1-ல் இருக்கும் ஓட்டையைத் திரை காட்டாது. அதே இடத்தில் மதிப்பைக் கேட்டால் வரையறுக்கப்படவில்லை என்று சொல்லும். படம் ஒன்று சொல்கிறது, எண் வேறு சொல்கிறது. எதை நம்புவது என்று வகுப்பில் கேளுங்கள். இரண்டு அச்சுக்கும் அளவு வேறாக இருந்தால் தொடுகோடும் அதற்குத் தொடும் இடத்தில் செங்குத்தாக வரையும் செங்கோடும் செங்குத்தாகவே தெரியாது; செங்கோடு வரும் பாடத்தில் அளவை ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துவிடுங்கள்.

ஹைடெக் லேபில்

கணினிக்கு இரண்டு பேர். ஒருவர் மட்டும் மௌஸைத் தொடலாம், மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்பவர்தான் அதிகம் கற்கிறார், அதனால் கணினியில் கெட்டிக்காரப் பிள்ளையை முதலில் சொல்பவராக வையுங்கள். இணையம் இருந்தால் ஜியோஜீப்ரா கிளாஸ்ரூமில் ஒரு குறியீடு கொடுத்து எல்லாரையும் சேர்க்கலாம், ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று உங்கள் திரையில் தெரியும். பெயருக்குப் பதிலாக வரிசை எண் போடச் சொல்லுங்கள். பிள்ளைகளின் மின்னஞ்சலோ செல்பேசி எண்ணோ எங்கும் கொடுக்க வேண்டாம்.

45 நிமிடப் பிரிவேளையில் நான் திரைக்கு ஒதுக்குவது பதினைந்து நிமிடம்தான். முதல் பத்து ஊகத்துக்கும் பேச்சுக்கும். கடைசி இருபது நோட்டுக்கு. பொதுத்தேர்வில் பிள்ளையின் முன்னால் இருக்கப்போவது தாளும் பேனாவும்தான், அதனால் இந்த இருபது நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. கரண்ட் போனாலும் இந்த வரிசை உடையாது; ஊகம் நோட்டில் இருக்கிறது, முக்கியமான நான்கு படங்களை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் பாடம் நிற்காது.

எக்ஸ்⁴

மறுசந்திப்புப் பாடம் முடிந்து நோட்டை மூடும்போது ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அப்போ எக்ஸ்⁴-க்கு சார்?" என்று கேட்டாள். ஊகத்தை எழுதச் சொன்னேன். இரண்டு மறுசந்திப்பு இருக்கும் என்று பாதி வகுப்பு. ஸ்லைடரை எங்கே நகர்த்தியும் கோடு வேறெங்கும் சந்திக்கவில்லை. தூரமாக்கிப் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. முந்தைய அனுபவத்தால் யாரும் திரையை நம்பத் தயாராக இல்லை, நோட்டைத் திறந்தார்கள். ஏ = 1-க்கு எக்ஸ்⁴ - 4எக்ஸ் + 3 = 0. அதிலிருந்து (எக்ஸ் - 1)²-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது எக்ஸ்² + 2எக்ஸ் + 3. அதன் தன்மைகாட்டி -8.

"மூலம் ரெண்டும் இருக்கு சார், -1 கூட்டல் ஐ ரூட் 2, -1 கழித்தல் ஐ ரூட் 2," என்றாள் அவள். "நாலையும் கூட்டினா பூச்சியம்தான் வருது. ஆனா திரையில வராது."